தையல் பிரித்த பிறகு வரும் 12 வாரங்கள்

மக்கள் நல்வாழ்வுத் துறைச் செயலாளர் அவர்களுக்கும், பெருநகர சென்னை மாநகராட்சி ஆணையர் அவர்களுக்கும்,

வணக்கம்.

தண்டையார்பேட்டையில் சின்னதாக ஒரு பிசியோதெரபி கிளினிக் நடத்துகிறேன். என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் கையிலோ காலிலோ அறுவை சிகிச்சை முடிந்தவர்கள். தையல் பிரித்தாயிற்று, இனி ஒன்றும் இல்லை என்று வீட்டுக்குப் போய், சில மாதம் கழித்து விரல் மடங்காமல், முட்டி மடங்காமல் வருகிறார்கள். ஆபரேஷன் நன்றாகத்தான் நடந்திருக்கிறது. எக்ஸ்ரேயில் எலும்பு நேராகச் சேர்ந்திருக்கும். தழும்பைப் பார்த்தாலே தைத்தவர் கைதேர்ந்தவர் என்று தெரியும். ஆனால் அந்த விரல்களால் ஒரு டம்ளரைப் பிடிக்க முடியாது.

நான் கேட்பது ஒன்றுதான். அறுவை சிகிச்சையை அரசு தன் பொறுப்பாக எடுத்துக்கொண்டிருக்கிறது. அதற்குப் பின் வரும் மூன்று மாதத்தையும் அதே போல எடுத்துக்கொள்ள வேண்டும். அதை வட சென்னையிலிருந்து தொடங்க வேண்டும்.

வட சென்னை என்று சொல்லக் காரணம் உண்டு. இந்தியாவில் கைக்கென்று தனி அறுவை சிகிச்சைப் பிரிவு முதலில் வந்தது இங்கேதான். 1971இல் ஸ்டான்லி மருத்துவமனையில் பேராசிரியர் ஆர். வெங்கடசாமி அதைத் தொடங்கினார். விரல் நுனி சாய்வாக வெட்டுப்பட்டுப் போனால், அதே விரலின் பக்கவாட்டிலிருந்து தோலையும் சதையையும் முக்கோண வடிவில், ரத்தக் குழாயும் நரம்பும் அறுபடாமல் நகர்த்திக் கொண்டுவந்து நுனியை மூடும் முறையை அவரும் சுப்பிரமணியனும் 1980இல் எழுதி வெளியிட்டார்கள். கை அறுவை பற்றிய பாடநூல்களில் அந்த முறை இன்றும் அவர் பெயராலேயே சொல்லப்படுகிறது. 2018 பிப்ரவரியில், மின்சாரம் தாக்கி இரண்டு கைகளையும் இழந்த ஒரு கட்டடத் தொழிலாளிக்கு இரண்டு கைகளையும் மாற்றிப் பொருத்தியதும் இதே ஸ்டான்லியில்தான். பழைய ஜெயில் ரோட்டில் அந்தக் கட்டடத்தைக் கடந்து போகும்போதெல்லாம் எனக்குப் பெருமையாக இருக்கும். இவ்வளவு திறமை கைக்கெட்டிய தூரத்தில் இருக்கும் ஊரில், தைத்த கை பாதியில் கெட்டுப்போவதைப் பார்ப்பதால்தான் இவ்வளவு வருத்தம்.

இன்னொரு காரணம், இந்த ஊர் செய்யும் வேலை. பவர் பிரஸ்ஸில் விரல் மாட்டியவர்கள், அட்டைப்பெட்டிக் கடையில் காகிதம் வெட்டும் மெஷினில் கை கொடுத்தவர்கள், லேத் பட்டறைப் பையன்கள், காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் வின்ச் கயிறு சுற்றி விரல் நசுங்கியவர்கள், மீன் வெட்டும்போது கத்தி வழுக்கி உள்ளங்கையைக் கிழித்துக்கொண்ட அக்காக்கள், கரும்பு ஜூஸ் மெஷின் உருளைக்குள் கை போனவர்கள். மாஞ்சா நூல் அறுத்த விரல்கள் உண்டு. வீட்டுச் சண்டையில் ஜன்னல் கண்ணாடியைக் குத்தி மணிக்கட்டை அறுத்துக்கொண்ட இளைஞர்கள் உண்டு. அவர்களுக்கு ஒரே வெட்டில் பத்துக்கு மேற்பட்ட தசைநாண்களும் (தசையை எலும்போடு இணைக்கும் நார்கள்) இரண்டு பெரிய நரம்புகளும் ரத்தக் குழாய்களும் போய்விடும். எண்ணூர் விரைவுச் சாலையிலும் மணலிப் பக்கத்திலும் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே டூ வீலரில் போய் முழங்காலுக்குக் கீழே எலும்பு வெளியே வந்தவர்கள் தனி வரிசை. கையையும் காலையும் வைத்துத்தான் இங்கே சம்பாத்தியம். உட்கார்ந்த இடத்தில் செய்யும் வேலைக்கு மாறிக்கொள்ளும் வசதி இவர்களில் அநேகருக்கு இல்லை.

12 வாரம் என்ற கணக்கு எங்கிருந்து வருகிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கோப்பில் 'பிசியோதெரபி' என்று ஒற்றைச் சொல்லாக வரும்போது அது வலிக்கு ஒத்தடம் கொடுக்கிற காரியம் போலத் தோன்றிவிடுகிறது.

விரலை மடக்கும் முக்கியத் தசைகள் விரலில் இல்லை, முன்கையில் இருக்கின்றன. அங்கிருந்து வெள்ளை நிறத் தசைநாண்கள் மணிக்கட்டைத் தாண்டி, உள்ளங்கை வழியே விரலுக்குள் ஓடுகின்றன. கட்டை விரல் தவிர மற்ற ஒவ்வொரு விரலுக்கும் மடக்க இரண்டு தசைநாண்கள். விரலுக்குள் நுழைந்ததும் அவை ஒரு குறுகலான உறைக்குள் வழுக்கிக்கொண்டு போய் வர வேண்டும். உள்ளங்கை ரேகையிலிருந்து விரலின் நடுப்பகுதி வரைக்குமான அந்த இடத்தில் வெட்டுப்பட்டால், ஒரு காலத்தில் அறுவை மருத்துவர்கள் உடனே தைக்கவே மாட்டார்கள். தைத்தால் தசைநாண் உறையோடு ஒட்டிக்கொண்டு விரல் கட்டைபோல நின்றுவிடும் என்ற பயம். அமெரிக்கக் கை மருத்துவர் ஸ்டெர்லிங் பன்னல் அந்த இடத்தை 'ஆளில்லா நிலம்' என்றே அழைத்தார். 1960களிலும் 70களிலும் கிளைனெர்ட், டுரான் போன்ற கை மருத்துவர்களின் வேலையால் நிலைமை மாறியது. தைத்த சில நாட்களிலேயே, பாரம் எதுவும் கொடுக்காமல், ஒரு பாதுகாப்பான எல்லைக்குள் விரலை அசைக்கத் தொடங்கினால் தசைநாண் ஒட்டாமல் ஆறும் என்று தெரிந்தது.

அசைக்காமல் விட்டால் ஒட்டிக்கொள்ளும், அதிகமாக அசைத்தால் அறுந்துபோகும். இந்த இரண்டுக்கும் நடுவே இருக்கும் பாதை மிகவும் குறுகலானது. முதல் மூன்று வாரம் தைத்த இடம் பெரும்பாலும் நூலின் பலத்தில்தான் நிற்கிறது. ஏறத்தாழ ஆறு வாரம் வரை, கையின் பின்பக்கமாக மணிக்கட்டையும் விரல்களையும் சற்று மடக்கி வைத்திருக்கும் ஸ்பிளிண்ட் போட வேண்டும். வெந்நீரில் போட்டால் இளகும் ஒருவகை பிளாஸ்டிக் தகட்டை நோயாளியின் கையிலேயே வைத்து வளைத்துச் செய்கிறோம். எட்டாவது வாரம் வாக்கில் லேசான வேலை. மூட்டை தூக்க, ஸ்பேனர் பிடித்து இறுக்க, வலை இழுக்க 12 வாரமாவது ஆகும். இடையில் வாரம் ஒரு முறையாவது பயிற்சி பெற்ற ஒருவர் அந்தக் கையைப் பார்க்க வேண்டும். எந்த மூட்டு இறுகுகிறது, வீக்கம் வடிகிறதா, அடுத்த பயிற்சிக்குப் போகலாமா, இன்னும் ஒரு வாரம் பொறுக்கலாமா என்று முடிவெடுக்க வேண்டும். இது கண்ணால் பார்த்து, கையால் தொட்டு எடுக்கும் முடிவு. டிஸ்சார்ஜ் காகிதத்தில் எழுதிக் கொடுத்துவிட முடியாது.

நரம்பும் சேர்ந்து அறுந்திருந்தால் காலம் இன்னும் நீளும். தைத்த நரம்பு நாளுக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் வளர்கிறது. மணிக்கட்டில் தைத்தது விரல் நுனிக்குப் போய்ச் சேர ஆறு மாதத்துக்குக் குறையாது. அதுவரை அந்த விரலுக்குச் சூடு தெரியாது. அடுப்பில் பால் பாத்திரத்தை இறக்கி வைத்துவிட்டுக் கொப்புளம் வந்த பிறகுதான் பார்த்தேன் என்று சொன்ன பெண்கள் எத்தனையோ பேர். உணர்வு வரும்வரை கண்ணால் பார்த்துத்தான் எதையும் தொட வேண்டும் என்பதை அவர்களுக்கு யாரும் அழுத்திச் சொல்லியிருக்கவில்லை. சொல்லியிருக்கலாம், ஆபரேஷன் முடிந்த கலக்கத்தில், வார்டு நெரிசலில், ஒரு முறை சொன்னது மனதில் நிற்காது.

வீட்டில் என்ன நடக்கிறது? நம் ஊரில் ஸ்பிளிண்டைக் கழற்ற வைப்பது பெரும்பாலும் சோறுதான். வலது கையில் அடிபட்டவர் இடது கையால் சாப்பிட மனம் வராமல், ஸ்பூனும் பழக்கமில்லாமல், 'ரெண்டு வாய்தானே' என்று கழற்றி வைத்துவிட்டுச் சோறு பிசைகிறார். தொங்கவிட்ட கை வீங்கும், அதைத் தலையணை மேல் தூக்கி வைக்க வேண்டும் என்றால், ஒற்றை அறையில் ஐந்து பேர் படுக்கிற வீட்டில் அந்த இடமே கிடையாது. இதையெல்லாம் கேட்டுத் தெரிந்துகொண்டு, அந்த வீட்டுக்கு ஏற்றபடி வழி சொல்கிற ஆள் வேண்டும். மனைவியையோ அம்மாவையோ ஒரு முறை உட்கார வைத்துப் பேசினாலே பாதி தவறுகள் நின்றுவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

இதைவிடப் பெரிய பிரச்சினை மூன்றாவது, நான்காவது வாரத்தில் வருகிறது. வலி குறைந்திருக்கும். காயம் மூடியிருக்கும். வாடகை தேதி வந்திருக்கும். 'ஒரு கையாலயே பாத்துக்கறேன்க்கா, ஓனர் வரச் சொல்றாரு' என்பார்கள். அந்தக் காலத்தில்தான் தைத்த தசைநாண் தாங்காது. வேலைக்குப் போன சில நாளில் 'டப்புன்னு ஒரு சத்தம், அப்புறம் விரல் மடங்கல' என்று வந்து நிற்பார்கள். அதற்குப் பிறகு மறு அறுவை சிகிச்சை. சில நேரம் முதலில் உறைக்குள் சிலிக்கோன் தண்டு ஒன்றை வைத்து, மாதக்கணக்கில் காத்திருந்து, பிறகு வேறிடத்திலிருந்து தசைநாண் எடுத்துப் பொருத்த வேண்டும். எதிர்ப்பக்கம், பயந்துபோய் மூன்று மாதம் விரலை அசைக்காமலேயே பொத்தி வைத்திருந்தவர்களுக்கு, ஒட்டிக்கொண்ட தசைநாணை விடுவிக்க இன்னொரு அறுவை சிகிச்சை. இரண்டுமே மீண்டும் அரசு மருத்துவமனையின் ஆபரேஷன் தியேட்டருக்குத்தான் வருகின்றன. அதே மருத்துவர், அதே மயக்க மருந்து, அதே கட்டில். முதல் அறுவைக்குச் செலவிட்டதைக் காப்பாற்ற வாரம் ஒரு மணி நேரச் சிகிச்சை போதுமாக இருந்திருக்கும்.

வேலைக்குப் போகாதே என்று சொல்வது எனக்கு எளிது. அந்த 12 வாரத்துக்குச் சாப்பாடு எங்கிருந்து வரும் என்பதற்கு என்னிடம் பதில் இல்லை. இஎஸ்ஐ என்ற தொழிலாளர் அரசுக் காப்பீடு உள்ளவர்களுக்கு அந்தப் பதில் இருக்கிறது: வேலையில் அடிபட்டால் குணமாகும்வரை சராசரிக் கூலியில் 90 சதவீதம் கிடைக்கும். அப்படிப்பட்டவர்கள் நிம்மதியாக வந்து முழுச் சிகிச்சையும் எடுத்துக்கொண்டு போவதைக் கண்கூடாகப் பார்க்கிறேன். ஆனால் நாலு பேர் வேலை செய்யும் பட்டறைக்கு இஎஸ்ஐ கிடையாது. படகில் போகிறவருக்கு, ஆட்டோ ஓட்டுகிறவருக்கு, தெருவில் ஜூஸ் கடை போட்டிருப்பவருக்குக் கிடையாது. இழப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணையில் கட்டை விரல் முழுதும் போனால் 30 சதவீதம், சுட்டு விரல் போனால் 14 சதவீதம் என்று கணக்கு இருக்கிறது. விரல் இருக்கிறது, பாதிதான் மடங்குகிறது என்றால் மருத்துவர் மதிப்பிட்டுச் சொல்ல வேண்டும், முதலாளி ஒப்புக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் வழக்கு. ஆறிக்கொண்டிருக்கும் கையோடு அந்த அலைச்சலுக்குத் தயாராக இருப்பவர் யார்?

நம்மிடம் ஒரு முன்மாதிரி இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. மீன் குஞ்சு பொரிக்கக் காலம் வேண்டும் என்று அரசு ஒப்புக்கொண்டு, அந்தக் காலத்தில் மீனவர் குடும்பத்துக்குத் தடைக்கால நிவாரணம் கொடுக்கிறது. காசிமேட்டில் எல்லோருக்கும் தெரிந்த ஏற்பாடு இது. தைத்த தசைநாணுக்கும் சேரும் எலும்புக்கும் அப்படியொரு தடைக்காலம் தேவைப்படுகிறது. அமைப்புசாராத் தொழிலாளர் நல வாரியங்கள் வழியாக, அரசு மருத்துவமனையில் அறுவை செய்துகொண்டவர்களுக்கு, வாரா வாரம் சிகிச்சைக்கு வந்த பதிவைப் பார்த்து, 12 வாரத்துக்கு ஒரு நிவாரணத் தொகை கொடுத்தால் என்ன? பணம் தருவதோடு சிகிச்சைக்கு வரவும் வைக்கும். இதற்குத் தொழிலாளர் நலத் துறையோடு நீங்கள் பேச வேண்டியிருக்கும் என்பது தெரியும்.

கால் அடிபட்டவர்கள் கதை வேறு. முழங்காலுக்குக் கீழே எலும்பு உடைந்து வெளியே வந்தவருக்கு முதலில் காயத்தைச் சுத்தம் செய்து, வெளியே தெரியும் கம்பிச் சட்டமோ உள்ளே ராடோ வைத்து, பிறகு பிளாஸ்டிக் சர்ஜரி மருத்துவர் சதை கொண்டுவந்து மூடி, அவரைப் பிழைக்க வைத்துவிடுகிறார்கள். வீட்டுக்குப் போன பிறகு அவர் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: 'கால எப்ப ஊனலாம்?' எலும்பின் நிலை, வைத்திருக்கும் கம்பி, எக்ஸ்ரே எல்லாம் பார்த்து ஆளுக்கு ஆள் மாறும் பதில் அது. பதில் கிடைக்காதபோது ஊனாமலே இருந்துவிடுகிறார். தொடைச் சதை கண்ணெதிரே கரைகிறது. முட்டி இறுகுகிறது. படுத்தபடியே இருந்ததால் பாதம் கீழ்நோக்கி விறைத்துக்கொள்கிறது. எலும்பு சேர்ந்த பிறகும் குதிகால் தரையில் படாது. இத்தனைக்கும் அவர் வீடு வியாசர்பாடியிலோ கொருக்குப்பேட்டையிலோ லிஃப்ட் இல்லாத குடியிருப்பின் மூன்றாவது மாடியில். ஆட்டோவுக்கு இறக்கிக் கொண்டுவர இரண்டு பேர் வேலையை விட வேண்டும். ஒரு முறை வருவார்கள், இரண்டு முறை வருவார்கள், பிறகு வர மாட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

புத்தூர் கட்டைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். எலும்பு முறிந்தால் மருத்துவமனைக்குப் போகாமல் கட்டுப் போடுகிறவரிடம் போகிறார்கள் என்று நாம் கோபப்படுகிறோம். எனக்கும் அந்தக் கோபம் வந்ததுண்டு. ஆனால் ஏன் போகிறார்கள் என்று கேட்டால் அவர்கள் சொல்வது: பக்கத்தில் இருக்கிறது, சாயங்காலமும் திறந்திருக்கும், அறுக்க மாட்டார்கள், போன உடனே பார்ப்பார்கள், தேய்த்து நீவி விடுவார்கள். இதில் பாதிக்கு மேல் நாமும் செய்யக்கூடியவை. அதே சமயம் ஒரு ஆபத்தை மறைக்கக் கூடாது. குழந்தை கீழே விழுந்து முழங்கைக்கு மேலே எலும்பு முறிந்து, இறுக்கமாகக் கட்டு விழுந்தால், உள்ளே வீக்கம் கூடிக்கூடி ரத்த ஓட்டம் நின்று சில மணி நேரத்தில் முன்கைத் தசை செத்துப்போகும். 1881இல் ஜெர்மானிய மருத்துவர் வோல்க்மன் எழுதிவைத்த இந்தக் கேட்டை இன்றும் நாம் பார்க்கிறோம். அந்தக் குழந்தையின் விரல்கள் வாழ்நாள் முழுக்க மடங்கியே இருக்கும். கட்டுப் போட்ட பிறகு வலி குறையாமல் கூடிக்கொண்டே போனால், விரல்களை மெல்ல நிமிர்த்தினாலே குழந்தை அலறினால், விரல் மரத்துப்போனால், யார் போட்ட கட்டாக இருந்தாலும், மருத்துவமனை போட்ட மாவுக்கட்டாகவே இருந்தாலும், விடியும்வரை காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்கு ஓட வேண்டும். இந்த ஒரு செய்தியை ஒவ்வொரு அங்கன்வாடியிலும் ஒட்டி வைக்கலாம்.

ஒட்டி வைக்க வேண்டிய இன்னொன்று பட்டறைகளுக்கு. துண்டான விரலை எப்படிக் கொண்டுவருவது என்பது மெஷின் ஓட்டுகிறவர்களுக்கே தெரியவில்லை. ஐஸுக்குக் குறைவில்லாத காசிமேடு இருக்கும் ஊரில், விரலை நேராக ஐஸுக்குள் போட்டுக் கொண்டுவந்துவிடுகிறார்கள். ஐஸ் நேரடியாகப் பட்டால் திசு உறைந்து கெட்டுவிடும், பிறகு ஒட்ட வைக்க முடியாது. சுத்தமான தண்ணீரில் லேசாக அலசி, ஈரத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் கவரில் போட்டு இறுக்கிக் கட்டி, அந்தக் கவரை ஐஸும் தண்ணீரும் கலந்த பாத்திரத்தில் வைத்துக் கொண்டுவர வேண்டும். குளிர வைத்துக் கொண்டுவந்த விரலுக்கு நேரம் அதிகம் கிடைக்கும். தசை நிறைந்த கையோ முன்கையோ துண்டானால் அவ்வளவு நேரம் கிடையாது. குளிர வைக்காவிட்டால் ஆறு மணி நேரத்துக்குள் ரத்த ஓட்டம் திரும்பியாக வேண்டும். அடிபட்ட இடத்தைச் சுத்தத் துணியால் அழுத்திப் பிடித்துக் கையை உயர்த்தினாலே போதும், வயரால் இறுக்கிக் கட்டிக்கொண்டு வருவதைத் தவிர்க்கச் சொல்ல வேண்டும்.

2021 டிசம்பர் 18 அன்று தொடங்கிய 'இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48' திட்டம் நல்ல திட்டம். சாலை விபத்தில் அடிபட்டவர் எந்த ஊர்க்காரர், கையில் காசு இருக்கிறதா என்று பார்க்காமல் முதல் 48 மணி நேரம் காப்பாற்றுகிறது. அதே ஆண்டு ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' வீட்டுக்கே இயன்முறை சிகிச்சையைக் கொண்டுவந்தது. பக்கவாதம் வந்து படுத்த எத்தனையோ முதியவர்களுக்கு அது உதவுகிறது. இந்த இரண்டு திட்டங்களுக்கும் நடுவே ஒரு பாலம் தேவை. 48 மணி நேரத்தில் உயிர் தப்பி, அறுவை முடிந்து, மூன்றாவது மாடிக்குத் தூக்கிச் செல்லப்பட்ட அந்த இளைஞரின் பெயர், டிஸ்சார்ஜ் ஆன அன்றே அவர் தெருவுக்கான இயன்முறை மருத்துவரின் பட்டியலில் ஏற வேண்டும். அவர் தேடிப்போக வேண்டியதில்லை.

கே.கே. நகரில் அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையம் இருக்கிறது. செயற்கைக் கால் செய்கிறார்கள், நல்ல அனுபவம் உள்ளவர்கள். ஆனால் எண்ணூரிலிருந்து கே.கே. நகர் நகரத்தின் மறுகோடி. ஊன்றுகோலோடு பஸ் மாறி மாறிப் போக வேண்டும். ஸ்டான்லியிலேயே கைக்கான சிகிச்சைப் பிரிவு உண்டு. அங்கே மாநிலம் முழுவதிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். மணலி புதுநகரில் இருப்பவர் வாரா வாரம் காலையில் அங்கே வந்து காத்திருந்து திரும்பினால் ஒரு நாள் கூலி போயிற்று. கூட வரும் மனைவியின் கூலியும் போயிற்று.

இந்தப் பாடம் நம் மாநிலத்துக்குப் புதிதும் அல்ல. 1914இல் கொல்லிமலையில் பிறந்த பால் பிராண்ட், வேலூர் சிஎம்சியில் தொழுநோயால் மடங்கிப்போன விரல்களைத் தசைநாண் மாற்று அறுவையால் நிமிர்த்தினார். உலகம் அதைப் பாராட்டிக்கொண்டிருந்தபோதே அவருக்கு ஒன்று தெரிந்தது: நிமிர்த்திய கையோடு ஊருக்குப் போனவருக்கு வேலையும் இல்லை, உணர்வில்லாத கையைக் காப்பாற்றும் பழக்கமும் இல்லை. அதனால்தான் 1950களின் தொடக்கத்தில் நவ ஜீவ நிலையம் வந்தது. அங்கே நோயாளிகள் தங்கி, கருவிகளைப் பிடிக்கக் கற்று, கையில் புண் வராமல் வேலை செய்யப் பழகினார்கள். அதே வேலூரில், விபத்தில் இடுப்புக்குக் கீழே உணர்வை இழந்த பிறகும் சக்கர நாற்காலியில் அமர்ந்து கை அறுவைகள் செய்த டாக்டர் மேரி வர்கீஸ், 1966இல் மறுவாழ்வுக்கென்று தனி நிலையத்தைத் தொடங்கினார். அறுவைக்குப் பின் வருவதும் மருத்துவமே என்று அவர்கள் நடைமுறையில் காட்டி இத்தனை ஆண்டுகள் ஆகின்றன.

இனி நேராகக் கேட்கிறேன்.

மாநகராட்சியின் திருவொற்றியூர், மணலி, மாதவரம், தண்டையார்பேட்டை, ராயபுரம், திரு.வி.க. நகர் ஆகிய ஆறு மண்டலங்களிலும் மண்டலத்துக்கு ஒரு நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில், மாலை 5 மணிக்கு மேல், கை கால் அறுவை முடிந்தவர்களுக்கென்று சிகிச்சை நேரம் வேண்டும். பெரிய கருவிகள் தேவையில்லை. வெந்நீர்த் தொட்டி, ஸ்பிளிண்ட் தகடு, மூட்டு எவ்வளவு மடங்குகிறது என்று அளக்கும் கோணமானி, பிடி அளக்கும் கருவி, ஒரு மேசை, நான்கு நாற்காலி. கைச் சிகிச்சையில் பயிற்சி பெற்றவர்கள் வேண்டும். அந்தப் பயிற்சியை ஸ்டான்லியின் கைப் பிரிவே கொடுக்கலாம், அதைவிடத் தகுதியான இடம் நாட்டில் இல்லை. அறுவை செய்த மருத்துவருக்கும் சுகாதார நிலைய பிசியோவுக்கும் இடையே நேரடித் தொடர்பு வேண்டும். நான்காவது வாரம் விரல் நிமிரவில்லை என்று எங்களுக்குச் சந்தேகம் வந்தால் ஒரு போட்டோ அனுப்பிக் கேட்க வழி இருந்தால், நோயாளி ஒரு நாள் கூலியை இழக்க வேண்டியதில்லை.

டிஸ்சார்ஜ் தாள் தமிழிலும் வேண்டும். என்ன அறுவை நடந்தது, எது தைக்கப்பட்டது, எந்த வாரம்வரை எதைத் தூக்கக் கூடாது, எந்த நாள் எங்கே வர வேண்டும் என்பது பெரிய எழுத்தில், படத்தோடு. இப்போது வருகிறவர்கள் நீட்டும் தாளில் இருக்கும் ஆங்கிலச் சுருக்கெழுத்துகளைப் படித்துப் புரிந்துகொள்ள எனக்கே சில நேரம் யோசிக்க வேண்டியிருக்கிறது. எத்தனையோ பேர் அந்தத் தாளைக்கூட வைத்திருப்பதில்லை. 'நரம்ப தெச்சிருக்காங்கன்னு சொன்னாங்க' என்பார்கள். தசைநாணா, நரம்பா, இரண்டுமா என்று தெரியாமல் நான் பயிற்சியைத் தொடங்க முடியாது.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டில் இப்படிப்பட்ட அறுவைகளுக்கான தொகையை வகுக்கும்போது, ஸ்பிளிண்டையும் 12 வார இயன்முறை சிகிச்சையையும் அதன் பிரிக்க முடியாத பகுதியாகச் சேர்க்க வேண்டும். மூன்றாவது மாதம் நோயாளி நேரில் வந்து அளவெடுத்துப் பதிவான பிறகே கோப்பு முடிய வேண்டும்.

கணக்கும் மாற வேண்டும். எத்தனை அறுவைகள் நடந்தன என்று ஒவ்வோர் ஆண்டும் எண்ணுகிறோம். மூன்று மாதம் கழித்து எத்தனை விரல்கள் உள்ளங்கையைத் தொட்டன, எத்தனை பேர் பழைய வேலைக்குத் திரும்பினார்கள், எத்தனை பேர் அதே விரலுக்காக மீண்டும் தியேட்டருக்கு வந்தார்கள் என்று இந்த ஆறு மண்டலங்களில் ஓராண்டு எண்ணிப் பாருங்கள். எனக்கு இதில் சந்தேகமே இல்லை: அந்த எண்களைப் பார்த்த பிறகு நான் இந்த மடலை எழுதியிருக்க வேண்டிய தேவையே இருக்காது.

ஆறு மண்டலங்களிலும் ஒரே நேரத்தில் முடியாவிட்டால் தண்டையார்பேட்டையில் ஒன்றைத் தொடங்குங்கள். வாரத்தில் மூன்று மாலை நான் ஊதியம் இல்லாமல் வந்து உட்காரத் தயார். இந்தப் பகுதியில் இதே வேலை செய்யும் தோழிகள் சிலரும் வரத் தயாராக இருக்கிறார்கள். எல்லோரிடமும் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். ஸ்பிளிண்ட் தகடும் ஒரு அறையும் நீங்கள் கொடுத்தால் போதும். வரும் தடைக்காலம் தொடங்குவதற்கு முன் அது திறந்தால் நல்லது. ஏப்ரல், மே மாதங்களில்தான் படகுகளைக் கரையேற்றிப் பழுது பார்க்கும் வேலை காசிமேட்டில் மும்முரமாக நடக்கும். கட்டிங் மெஷினும் வெல்டிங்கும் அப்போதுதான் அதிகம், அடிபடுகிற கைகளும்.

நேரில் வந்து விளக்கச் சொன்னால் எந்த நாளும் வருகிறேன்.

இப்படிக்கு,
தண்டையார்பேட்டையிலிருந்து ஓர் இயன்முறை மருத்துவர்